ஆள் வராத இடம்

விமான நிலையத்தில் ஒருவர் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார்கள். அவர் வருவதில்லை. யாரும் அவரை ஏசுவதும் இல்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது எப்படியோ, பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய எனக்கு அது அதிசயம்தான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்போம். கங்காணி பெயர் கூப்பிடுவார். வராதவளுடைய வம்சத்தையே இழுத்து ஏசுவார். மாற்றாளாக நிற்கிறவள் வாளியோடு முன்னே போய் "ஆள் இருக்கு" என்றால், அந்த மரங்கள் அன்றைக்கு அவளுடையவை. வந்த புதிதில் நானும் அங்கம்மாவும் மாற்றாட்கள்தான்.

அங்கம்மா என்னோடு ஒரே கப்பலில் வந்தவள். வழியெல்லாம் என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். எங்கள் தோட்டத்தில் ஒரே கப்பலில் வந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி; எங்கள் பிள்ளைகளுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டோம். என் தம்பியைப் பார்க்க நான் சேலத்துக்குக் கிளம்பியபோது அவள் ஈப்போவில் படுக்கையில் இருந்தாள்.

"எனக்குப் பொறந்த வீட்டுக் கோடி நீதான் போடணும். நம்ம ஊருலயே எடுத்துட்டு வாக்கா. செவப்பா எடு. மங்கலா எடுத்துடாத, கெழவி மாதிரி இருக்கும்" என்றாள்.

திரும்பி வரும்போது, கோலாலம்பூரில் இறங்கி மகனுக்குப் போன் செய்தேன். "அங்கம்மா சின்னம்மா போயிட்டாங்கம்மா. நாலு மணிக்கு எடுக்கறாங்க" என்றான். மணி பன்னிரண்டு. டாக்சியில் போனால் ஐந்தாகிவிடும். என் ஈப்போ விமானமும் ஐந்துக்குத்தான். ஒன்றரை மணிக்குக் கிளம்பும் விமானம் நிறைந்துவிட்டது. யாராவது வராவிட்டால் இடம் தருவோம் என்று பெயர் எழுதிக்கொண்டார்கள். எனக்கு முன்னால் ஒரு சீனர் இருந்தார்.

உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. சேலைப் பையோடு மேசைக்கு முன்னாலேயே நின்றேன். "புவான் ரொக்கியா" என்று ஒரு மலாய்க்காரியின் பெயரை மூன்றாம் முறை கூப்பிட்டதும் கையைத் தூக்கி, "ஆள் இருக்கு!" என்றேன்.

மேசையில் இருந்த மலாய்ப் பெண் என் பொட்டைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பையன் தலையில் கை வைத்தான்.

"ஆயா, நீங்க ரொக்கியா இல்ல லா!"

"நான் ரொக்கியான்னா சொன்னேன்? அவ வரல. எடம் சும்மாத்தானே கெடக்கு?"

"ஒங்க பேரக் கூப்பிட்டாத்தான் போவலாம், ஆயா. இருக்கறது ஒரு எடம். அதுவும் இந்தச் சீனத் தவுக்கேக்கு."

கெஞ்சுவது என் பழக்கம் இல்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன். அவன் அதை மலாயில் சீனருக்குச் சொன்னான். சீனர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என் அப்பாவும் கப்பலில் வந்தவர்தான்" என்று மலாயில் சொன்னார். பிறகு, "பெர்கி லா, ஆச்சி" என்று வழிவிட்டார். போங்கள் என்று அர்த்தம். நான் நன்றி சொன்னேனா என்பது கூட நினைவில் இல்லை.

மூன்றேகாலுக்கு அங்கம்மா வீட்டு வாசலில் இறங்கினேன். "பொறந்த வீட்டு ஆளு வந்தாச்சு, தள்ளுங்க" என்றார் அவள் புருஷன். கூட்டம் விலகியது. ஒரு ஊரே வர வேண்டிய வழியில் நான் ஒருத்தியாக நடந்துபோய்ச் சேலையைப் போர்த்தினேன். நல்ல சிவப்பு. சேலத்துத் தறியில் நெய்தது, அன்று மாலை ஈப்போ மண்ணுக்குள் போனது.

சேலத்துக் கடையில் நான் இரண்டு சேலை எடுத்திருந்தேன். மற்றொன்று என் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. என்னோடு அந்தக் கப்பலில் வந்தவர்கள் இனி யாரும் இல்லை.