காற்றுக்கு முகம் கொடுப்பவள்

லண்டன் நோர்பரியில் ஒரு பிறந்தநாள் விழா. பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு வயதான அம்மா என்னிடம் கேட்டார்:

"உங்கட மகள் இப்ப என்ன செய்யிறா?"

"சைக்கிள் ஓடுறா."

அவருடைய முகம் இரக்கத்தால் நிறைந்துவிட்டது. "கடைச் சாப்பாடு வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் குடுக்கிறதோ? பாவம், மழைக்கையும் போகவேணும் எல்லே."

"இல்லை, றேஸ் ஓடுறா. பெல்ஜியத்தில. அதுதான் வேலை."

"ஓ, அங்கயும் அப்பிடி ஆக்கள் தேவைதானே" என்றார்.

அந்த நேரம் ரோல்ஸ் தட்டு வந்தது. நான் ஒன்றை எடுத்து வாயை மூடிக்கொண்டேன். எதிரே இருந்த என் கணவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நேரில் எதையும் எடுத்து விளக்க வராது. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரை படித்தேன். இங்கே ஒரு ஆரம்பப் பாடசாலையின் சமையலறையில் வேலை செய்கிறேன். பெற்றோர் கூட்டங்களில்கூடக் கணவரைப் பேசவிட்டு, நான் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் மகளைப் பற்றி ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தென்லண்டனில், மிச்சம் என்ற ஊரில். மகள் சின்ன வயதில் டிராமுக்குப் பக்கத்தால் போகும் பாதையில் சைக்கிள் ஓடி, டிராமை வெல்லப் பார்ப்பாள். அதைக் கண்ட அவளுடைய வகுப்பு ஆசிரியைதான் பிள்ளைகளுக்கான சைக்கிள் கழகம் ஒன்று இருக்கிறது என்று சொன்னார். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, பின்னேரம் சைக்கிள் என்று தொடங்கியது. பதினாறு வயதில் அவள் லண்டனுக்கு வெளியே சரே பக்கத்து மேடுகளில் பெரியவர்களோடு ஏறிக்கொண்டிருந்தாள். என் கணவர் பின்னால் காரில் போவார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "உம்மட பிள்ளை மேட்டில பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுறா. நான் கியர் மாத்திறன்" என்றார்.

சைக்கிள் ஓடுகிறவர்கள் வழியில் சோற்றுக் கட்டி சாப்பிடுவார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரிய அணிகளிலும் அதுதானாம். அரிசியை இனிப்பாகக் குழைய வேகவைத்து, தட்டில் அமத்தி ஆறவிட்டு, துண்டு வெட்டி, ஈயத்தாளில் சுற்றிச் சட்டையின் பின்பையில் வைத்துக்கொள்வார்கள். கழகத்தார் எழுதித் தந்த செய்முறையைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். இது எங்கள் சர்க்கரைப் புக்கை, பொங்கலேதான். பயறும் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் ஏலக்காயும் போட்டுச் செய்து அனுப்பினேன். அடுத்த கிழமை இரண்டு மடங்கு கேட்டு ஆள் வந்தது.

அவளோடு ஓடிய பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்பு இந்த நாட்டில் இருந்து றோட்டுச் சைக்கிள் ஓட்டத்துக்குப் போனவர்கள் குறைவு என்று பயிற்சியாளர் சொல்வார். இப்போது பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே வெளிநாட்டு அணிகள் வந்து பார்க்கின்றன. அதே நேரம் இங்கே இருக்கும் சிறு அணிகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. ஓட்டங்களும் குறைகின்றன. "திறமை இங்க விளையுது, வேலை அங்க கிடைக்குது" என்று கணவர் அதைச் சுருக்கமாகச் சொல்வார். பத்தொன்பது, இருபது வயதுக்குள் ஒரு ஐரோப்பிய அணி எடுக்காவிட்டால் பிறகு எடுப்பது கடினம். அப்போது மகளுக்குப் பத்தொன்பது முடிய இருந்தது. பல்கலைக்கழகம் அவளுக்காக ஒரு வருடம் இடத்தைப் பிடித்துவைத்திருந்தது. அந்த வருடமும் முடிந்துகொண்டிருந்தது.

அப்படியான நேரத்தில்தான் பெல்ஜிய அணி ஒன்றின் மேலாளர், ஒரு பெண், இங்கிலாந்தில் கென்ட் பக்கத்தில் நடக்கும் ஓட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்தது. இளம் ஓட்டக்காரரில் இன்னும் ஒருவருக்குத்தான் அவரிடம் இடம் இருந்தது.

அன்று நல்ல வெயில். கிராமத்து றோட்டில் ஒரே வட்டத்தைப் பலமுறை சுற்றும் ஓட்டம். தண்ணீர்ப் போத்தல் கொடுக்கக் கழகத்தில் ஆள் போதவில்லை. பயிற்சியாளர் என் கையில் ஒரு மஞ்சள் அங்கியையும் இரண்டு போத்தலையும் தந்து, றோட்டின் இடது ஓரத்தில் நிற்கச் சொன்னார். அத்தனை பேர் பார்க்க நடு வெளியில் நிற்பது என்பது எனக்குப் பெரிய காரியம்.

இடது ஓரத்தில் நின்று வருகிறவர்களைப் பார்த்தால், றோட்டுப் பக்கம் இருப்பது நம்முடைய இடது கை. மற்ற எல்லோரும் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அது ஏலவில்லை. சாப்பிடக் குடிக்கக் கொடுப்பதை, அதுவும் பெற்ற பிள்ளைக்கு, இடது கையால் எப்படிக் கொடுப்பது? முக்கியமான நாள் வேறு. கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றேன். இப்போது வலது கை றோட்டுப் பக்கம் வந்துவிட்டது. ஓட்டம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால்.

கணவர் ஓடி வந்தார். "என்னப்பா, ஏன் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீர்?"

"வலக்கையால குடுக்க வேணும் எல்லே."

"கடவுளே! பின்னால வாறது யாரெண்டு எப்பிடித் தெரியும்?"

"கழுத்தைத் திருப்பிப் பாக்கிறன்."

"பெல்ஜியத்தில எல்லாரும் வலப்பக்கம் ஓடுறவை. அங்க நிண்டால் உமக்கு வசதி. அதுக்கு முதல்ல பிள்ளை அங்க போகவேணுமே!"

அதற்குள் சக்கரங்களின் இரைச்சல் வந்துவிட்டது. ஒரு கூட்டமாக, காற்று அடிப்பதுபோல வந்தார்கள். நான் கழுத்தைத் திருப்ப முன் மகள் என்னைத் தாண்டிவிட்டாள். போத்தல் அவளுடைய விரலில் பட்டு, புல்லுக்குள் உருண்டது. போகிற போக்கில் அவளுடைய குரல் மட்டும் கேட்டது.

"அம்மா, அதர் ஹாண்ட்!"

அடுத்த சுற்று வரும்வரை அவளுக்குத் தண்ணீர் இல்லை. அந்த வெயிலில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வட்டம் சுற்றி அவர்கள் திரும்ப வந்தபோது, நான் வருகிறவர்களை நேராகப் பார்த்து, மற்ற எல்லோரையும்போல இடது கையை நீட்டி நின்றேன். மனதுக்குள் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அதோடு நிற்காமல் என் வாயிலிருந்து அவளுடைய பெயர் பெரிய சத்தமாக வெளியே வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போத்தல் என் கையிலிருந்து அவளுடைய கைக்குப் போனதே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமாகப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களை மிகவும் குழப்பியது. ஆறு பேர் கூட்டத்தை விட்டு முன்னால் போய்விட்டார்கள். மகள் பின்னால் இருந்த பெரிய கூட்டத்தில் இருந்தாள். சுற்றுக்குச் சுற்று அந்தக் கூட்டத்தின் தலையில் அவள்தான். குனிந்து, காற்றையெல்லாம் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு ஓடினாள். அவளுடைய கழகத்துத் தோழி ஒருத்தி பின்னால் ஒட்டிக்கொண்டு, நிழலில் இருப்பதுபோல் வந்தாள்.

"மற்றவை ஏன் முன்னுக்கு வரேல்லை?" என்று கேட்டேன்.

"வந்தால் காத்து முழுக்க அடிக்கும். பின்னுக்கு நிண்டால் சுகம். இவ ஒருத்திதான் விசரி மாதிரி இழுக்கிறா" என்றார் கணவர். அவருடைய குரலில் கவலை இருந்தது.

கடைசிச் சுற்றில் அந்த ஆறு பேரையும் பிடித்துவிட்டார்கள். பிடித்தவுடன் மகள் களைத்துக் கூட்டத்திலிருந்து கழன்றுபோனாள். மேட்டில் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். தோழி முதலாவதாக வந்தாள். மகள் முப்பது பேருக்குப் பின்னால், சட்டையில் உப்புக் கோடு படிய, மெதுவாக வந்து கோட்டைக் கடந்தாள்.

நாங்கள் எதற்கும் எத்தனையாம் இடம் என்று பார்த்து வளர்ந்தவர்கள். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை, சோதனையில் எத்தனை புள்ளி. முப்பதுக்குப் பின்னால் என்றால் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். கணவர் காரின் பின்கதவைத் திறந்து சாமான்களை ஏற்றத் தொடங்கினார். மகள் புல்லில் கால் நீட்டி இருந்தாள். முகத்தில் துக்கமே இல்லை. தோழியைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்து, புக்கையைத் தின்றுகொண்டிருந்தாள்.

"கம்பஸ் இடத்துக்கு வாறமெண்டு எப்ப சொல்லவேணும், பிள்ளை?" என்று கணவர் மெல்லக் கேட்டார்.

"வெயிட் பண்ணுங்கோ அப்பா."

அப்போதுதான் அந்த மேலாளர் எங்களை நோக்கி நடந்து வந்தார். உயரமான பெண். வெயிலில் மூக்குச் சிவந்திருந்தது. அவர் மகளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எந்த இடத்தில் துரத்தத் தொடங்கவேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

ஒருவரும் சொல்லவில்லை என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அதற்கு மேல் பொறுத்திருந்தால் பிடித்திருக்கமுடியாது, அதற்கு முன் தொடங்கியிருந்தால் தன்னால் முடித்திருக்கமுடியாது என்றாள்.

மேலாளர் தலையை ஆட்டினார். கணவர் தன்னை அடக்கமுடியாமல், ஆனால் அவள் முப்பதுக்குப் பின்னால் அல்லவா வந்தாள் என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் அவரை வியப்பாகப் பார்த்தார். வென்ற பிள்ளை நல்ல பிள்ளை, அவளுக்கும் வேறு அணியில் இடம் கிடைக்கும், ஆனால் தன்னுடைய அணியில் வெல்கிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்றார். அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிற ஆள்தான் இல்லையாம். இப்படித் தன்னைச் செலவழிக்கத் தெரிந்தவர்களைத் தேடுவதுதான் கடினமாம்.

"இரண்டு வருட ஒப்பந்தம்" என்று சொல்லிவிட்டு, மகளின் மடியில் இருந்த ஈயத்தாளைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். மகள் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தாள். அவர் நின்ற இடத்திலேயே முழுவதையும் தின்றுவிட்டுப் போனார்.

கணவர் காரில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அழுதார். பிறகு சொன்னார், "முப்பதுக்குப் பின்னால வந்து வேலை எடுத்த ஒரே ஆள் எங்கட பிள்ளைதான்."

அவள் இப்போது பெல்ஜியத்தில் ஒரு சிறிய ஊரில், தன்னைப்போல இங்கிருந்து போன இன்னும் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. அணிகள் அங்கேயும் மூடப்படுகின்றன, பிள்ளைகள் விழுந்து எலும்பு முறிகிறார்கள். அவளோடு தொடங்கியவர்களில் ஒருத்தி விட்டுவிட்டுத் தாதியாகப் படிக்கிறாள். ஒருத்தி பிரான்ஸில் முதல் அணிக்குப் போய்விட்டாள். என் மகளும் போவாள் என்று நினைக்கிறேன். நினைப்பதில் என்ன, நான் தாய்தானே.

சனிக்கிழமைகளில் சில ஓட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். நாங்கள் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். ஓட்டத்தின் நடுப்பகுதியில், கூட்டத்தின் தலையில், குனிந்த ஒரு முதுகு தெரியும். அந்த முதுகு எனக்குத் தெரியும். அறிவிப்பாளர் அவளுடைய பெயரை எங்கள் ஊர்க்காரர் சொல்வதைவிட நீட்டிச் சொல்வார். பிறகு மேடு வரும், அவள் பின்னால் போவாள், கமரா முன்னால் போகிறவர்களோடு போய்விடும். அதற்குப் பிறகு அவளைக் காட்டமாட்டார்கள். அந்த இடத்தில் நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழும்புவேன்.

"முடிவு பாக்கேல்லையோ? யார் வெல்லுகினம் எண்டு பாப்பம்" என்பார் கணவர்.

"எங்கட ஆளின்ர வேலை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் சோற்றுக்கு உலை வைக்கப் போவேன்.