கோட்டம் எடுக்காத சக்கரம்

எதிர்வீட்டுக்காரர் சைக்கிளில் திரும்பும்போதெல்லாம் கோணல் சக்கரம் பிரேக் கட்டையில் 'சரக், சரக்' என்று உரசுகிறது. எழுபதுகளில், ஊத்துக்கோட்டையில், நைனாவின் சைக்கிளும் இப்படித்தான். மிதித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அவசரமாக முகம் கழுவிக்கொண்டு சிரித்தபடி வாசலுக்கு வருவாள்.

ஒருநாள் நைனா சைக்கிள் கடையில் சக்கரத்தைக் கோட்டம் எடுத்து நேராக்கிவிட்டு, சத்தமே இல்லாமல் சீக்கிரம் வந்துவிட்டார். செத்துப்போன என் தம்பியின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அழுதுகொண்டிருந்தாள். அவர் உள்ளே வரவில்லை. அப்படியே திரும்பிப்போய், சக்கரம் மறுபடி உரசும்படி இரண்டு கம்பிகளைத் தளர்த்தினார்.

"இன்னா நைனா, நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு?"

"ரொம்ப சீக்கிரம் ஊட்டுக்கு வந்துடுது கண்ணு."

எதிர்வீட்டுக்காரரிடம் சக்கரத்தைச் சரிபண்ணச் சொல்லும்படி என் மகள் நச்சரிக்கிறாள். நான் சொல்லமாட்டேன்.