சக்கரங்களுக்கு ஊற்றிய தண்ணீர்

என் அக்காவால் நடக்க முடியாது. காஞ்சிபுரத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிப் பிழைக்கிறாள். காட்டுக்கு நடுவே, ஒரு மலையூரில் இருக்கும் பழைய சிவன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. போன வருடம் வேன் வைத்து அழைத்துப் போனேன்.

கோபுர வாசலில் காவலாளி தடுத்தார். "வீல்சேர் உள்ள போவக் கூடாதுமா. ரோட்டு அழுக்கெல்லாம் சக்கரத்துல இருக்குது. கோயில் சுத்தம் கெட்டுடும்."

அவர் சொல்லும்போதே ஒரு நாய் சாவகாசமாக உள்ளே போனது. எனக்கு ரத்தம் கொதித்தது. நாய் போகலாம், என் அக்கா போகக் கூடாதா? ஆனால் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததும் என் கோபம் வாய்க்குள்ளேயே அடங்கிவிட்டது.

"அக்கா, நீ வேன்ல இருக்கியா? சீக்கிரமா வந்துடறேன்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண் சட்டென்று எழுந்தாள். பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து, நான்கு சக்கரங்களையும் தேய்த்துக் கழுவினாள்.

"சக்கரம் குளிச்சிடுச்சு. இங்க நிக்கிறவங்கள்ல எத்தினி பேரு காலு கழுவிக்கினு வந்தாங்கன்னு கேட்டியா?" என்றாள் காவலாளியிடம். அவர் விலகி நின்றார்.

சந்நிதியில் அக்கா அழுதபடியே கும்பிட்டாள். திரும்பும்போது, "அந்தம்மா எழுந்து வரலைன்னா என்னை வேன்லயே உட்கார வச்சிருப்பே இல்ல?" என்று கேட்டாள்.

உட்கார வைத்துத்தான் இருப்பேன். அந்தக் காவலாளியை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. ஆனால் அவர் யாரோ ஒருவர். நான் அவளுடைய கூடப்பிறந்தவள்.