கம்பளித் தொப்பி வழக்கு

விஜேந்திரன் பதுளை–பசறை பஸ்ஸில் கண்டக்டர். விடிய ஐந்தரைக்கு வாயைத் திறந்தால் பொழுது சாயும்வரை கத்திக்கொண்டே இருக்கிற மனுஷன். வாய் வலிக்கலையா என்று கேட்டால், "அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை இருக்கே" என்பார். சும்மா சொல்லவில்லை. ஞாயிறு காலையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர் வீட்டில் ஏழு பேர் கூடி ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு கிடையாது, போதகர் கிடையாது. உள்ளே ஏதாவது தூண்டினால் ஒருவர் எழுந்து ஜெபிப்பார், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. மண்சரிவு சமயத்தில் உதவிக்கு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் கொடுத்துவிட்டுப் போனது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இப்படி மௌனமாகக் கூடிய குவேக்கர்களின் கதை. பஸ் நிற்கிற நேரமெல்லாம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தார்.

அவரை நம்பி முதலில் வந்து உட்கார்ந்தவர் பொன்னையா. தோட்டத்துக் காவல்காரர், விஜேந்திரன் மனைவி தனுஜாவுக்கு அண்ணன், அடுத்த வீடு. பதினொரு வருஷம் மச்சான்மார் இரண்டு பேருக்கும் ஒரே பாய்.

வினை தொப்பியில் வந்தது. போன மார்கழிக் குளிரில் விஜேந்திரன் ஜெபிக்க எழுந்தபோது எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். பொன்னையாவின் கம்பளித் தொப்பி மட்டும் காதை மூடியபடியே இருந்தது.

"மச்சான், கழட்டுங்க. ஜெபம்."

"சாமி தொப்பியவா பாக்குது? உள்ளதானே பாக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பாருங்கள் கூத்தை, இதே சண்டை அந்தப் புத்தகத்திலும் இருந்தது! ஜெபத்தில் தொப்பியைக் கழற்றணும் என்றார் குவேக்கர்களின் தலைவர் ஜோர்ஜ் பொக்ஸ். அது வெறும் வெளிச்சடங்கு என்றார் அவரோடு இருந்த ஜோன் பெரோட். பொக்ஸ் பக்கம் ஜெயித்த இடத்தில் விஜேந்திரன் பக்கத்தை மடித்து, மச்சானிடம் நீட்டினார். "அன்னைக்கே தீந்துபோன வழக்கு இது."

"தீத்தது யாரு? தொப்பி கழட்டுனவங்கதானே?" என்றார் பொன்னையா. அடுத்த ஞாயிறு அவர் வீட்டிலேயே தனிக்கூட்டம். இரண்டு பேர் அவரோடு போய்விட்டார்கள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது கூரையைத் தொடாத ஒரு சுவர். தனுஜா இரண்டு பக்கமும் தேத்தண்ணி கொடுத்தாள். "இந்தப் பக்கமும் பேசாம உக்காந்திருக்கீங்க, அந்தப் பக்கமும் பேசாம உக்காந்திருக்காங்க. எதுக்கு பிரிஞ்சீங்கன்னுதான் எனக்கு வெளங்கல."

விஜேந்திரனுக்கு ரோஷம் விடவில்லை. ஆனால் கண்ணை மூடினால் சாமி நினைப்பு வரவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னையா இருமுவதுதான் கேட்டது. மச்சான் இல்லாத பாய் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

ஒருநாள் பசறை ரோட்டில் டயர் வெடித்து பஸ் நின்றது. பொழுதுபோகாமல் புத்தகத்தை எடுத்தவர், மடித்த பக்கத்துக்கு அப்பால் அன்றுதான் படித்தார். தான் ஜெயித்த இடத்தோடு நிறுத்தியிருந்தார், அதுதான் அவர் செய்த தப்பு. பெரோட் கடல் தாண்டிப் போய் ஜமேக்காவில் செத்துப்போனாராம். கடைசிவரை பழைய கூட்டாளிகளோடு சமாதானம் ஆகவே இல்லையாம். நம்பமாட்டாமல் அகராதியை இரண்டு தடவை புரட்டினார். மிச்ச வழியெல்லாம் அவர் ஊர்ப் பெயரைக் கூவவில்லை. கண்டக்டருக்குக் காய்ச்சலோ என்று ஆட்கள் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நேரே அடுத்த வீட்டுக்குப் போய்ப் பொன்னையாவின் பாயில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பொன்னையா தொப்பியோடே எழுந்து ஜெபிக்க ஆரம்பித்தார். விஜேந்திரன் தன் வழக்கப்படி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வழுக்கைத் தலை, மலைக்குளிர் வேறு.

பாதி ஜெபத்தில் பொன்னையா நிறுத்தினார். குனிந்து, மடியில் இருந்த தொப்பியை எடுத்து மச்சான் தலையில் மாட்டி, இரண்டு காதும் மூடுகிற மாதிரி இழுத்துவிட்டார்.

"குளிருது மச்சான், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபித்தார்.

மிச்ச ஜெபம் விஜேந்திரனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆமென் மட்டும் சொன்னார், பஸ்ஸில் கத்துகிற அதே குரலில், கண்ணைத் துடைத்துக்கொண்டு.