விளிம்பு வரை உருக வேண்டும்

அமலி, இதை யாரிடமும் காட்டாதே. உன் அண்ணனிடம்கூட. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. தெரிந்தால் என்னை விடுதியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

சூடான மெழுகு வாசனை... போன டிசம்பர் நினைவிருக்கிறதா?

ஜெப அறையில் நம் பெரிய மெழுகுவர்த்தி. பால் டின் பருமன், சுற்றிலும் மெழுகிலேயே ஒட்டிய நட்சத்திரங்கள். வீணாகக் கூடாதென்று ஜெபம் முடிந்த உடனே அணைத்துவிடுவோம். அதனாலேயே நடுவில் மட்டும் குழி விழுந்தது. சுடர் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் மினுங்கியது.

அன்று அணைப்பது உன் முறை. சாப்பாட்டு மணி அடித்ததும் மறந்தே போனாய். படிப்பு நேரமும் முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தால்... குழியைச் சுற்றிய மெழுகுச் சுவர் இளகிச் சரிந்து, உருகிய மெழுகு விளிம்பு வரை குளமாய் விரிந்து, நடுவில் சுடர் நிமிர்ந்து நின்றது!

"ஏங்கண்ணு, யாரு இதை அணைக்காம உட்டது?" வார்டன் அம்மா.

"நானுங்க... சோத்து நெனப்புல மறந்துட்டனுங்க."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நல்லாத்தான் மறந்திருக்கற சாமி! இனி தெனமும் மறந்துரு."

மிச்சச் சுவரை உள்பக்கமாக அழுத்தினோம். "நொம்ப சுடுதுடி!" என்று கத்திக்கொண்டே அழுத்தினாய். அதன்பின் தினமும் ஏற்றுவதற்கு முன் திரி நுனியைத் தையல் கத்தரியால் வெட்டினோம். காற்றுக்கு ஒரு பக்கமாக உருகாமலிருக்க, ஜன்னலில் உன் ரெயின்கோட். விழா அன்று கடைசிப் பாட்டு வரை சுடர் அசையவில்லை. எல்லார் முகத்திலும் மஞ்சள் வெளிச்சம்...

இப்போது நீ சேலத்தில். அந்த வார்டன் அம்மாவும் மாற்றலாகிப் போய்விட்டார். புது வார்டன் ஜெபம் முடிந்ததும் தானே ஊதி அணைக்கிறார். இந்த வருட மெழுகுவர்த்தியிலும் குழி. இன்று பாதி ஜெபத்தில் திரி மூழ்கி அணைந்தே போனது. விளிம்பு வரை உருகும் முன் அணைத்தால் இப்படித்தான் குழி விழும் என்று காரணம் சொன்னேன். "எனக்கே பாடம் எடுக்கறயா?" என்றார்.

நாளை விழா. இப்படியே விட்டால், புதிதாக வந்த சின்னப் பிள்ளைகள் அந்த மஞ்சளைப் பார்க்காமலேயே ஊருக்குப் போய்விடுவார்கள்.

அதனால் டிரங்குப் பெட்டி அறைக்கு மெழுகுவர்த்தியைத் தூக்கி வந்துவிட்டேன். தேங்கிய மெழுகை டம்ளரில் வடித்து ஏற்றினேன். அதன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. நீ இருந்தால் கத்தியே காட்டிக் கொடுத்திருப்பாய்! குளம் விரிந்துகொண்டே வருகிறது. விளிம்புக்கு இன்னும் ஒரு விரல்தான்...

கதவைத் தட்டுகிறார்கள். அமலி, நான் ஊதமாட்டேன்