கடைசி வரிசை மனப்பாடம்

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை திறந்த வியாழக்கிழமை காலையில்தான் நான் ஊரை விட்டுக் கிளம்பினேன். அவள் ஷட்டரைத் தூக்கினாள். நான் பையைத் தூக்கினேன். கல்லாவில் நான் உட்காருவதாகத்தான் ஏற்பாடு. எல்லாம் சூனியம் என்கிற பௌத்தத் தத்துவத்தைப் படிக்கப் போகிறேன் என்றேன். "சாப்பிட்டுட்டுப் போடி" என்றாள். சாப்பிடாமல் போனேன். பெரிய துறவு என்று நினைப்பு.

ஆறு வருஷம் மடம் மடமாகச் சுற்றினேன். எதற்கும் நிலையான சாரம் இல்லை, எந்தக் கருத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதே என்று படித்தேன். அந்தக் கருத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். வேலை கேட்டு அக்காவிடமே போக வேண்டியிருந்தது. அப்படியே மன்னிப்பையும் கேட்டுவிடலாம் என்று உத்தேசம்.

அக்கா படித்தது கண் பரிசோதனையில் இரண்டு வருஷம், அவ்வளவுதான். கடையில் அவளுக்கு ஒரு வழக்கம். யார் வந்தாலும் பழைய கண்ணாடியை வாங்கி இழுப்பறையில் போட்டு மூடிவிடுவாள். பவர் எழுதிய பழைய சீட்டையும் பார்க்க மாட்டாள். நான் போனபோது ஓய்வுபெற்ற மேலாளர் ஒருவர், பத்து வருஷமாகத் தன் பவர் இதுதான் என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"அது அன்னிக்கு வந்த கண்ணு சார். இன்னிக்கு வந்திருக்கிற கண்ணைக் காட்டுங்க" என்றாள்.

கடைசியில் அவர் தயங்கித் தயங்கி, "தெரியலம்மா" என்றதும் அக்கா முகம் மலர்ந்தது. அவளுக்கு வேலை ஆரம்பிப்பதே அங்கிருந்துதான்.

அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். சூனியத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். மன்னிப்புக்கு இன்னும் இடம் வரவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேலைக்கு வருகிறவர்களின் கண்ணை முதலில் பார்ப்பேன் என்று நாற்காலியைக் காட்டினாள்.

மூக்கை அழுத்தும் இரும்பு பிரேமை மாட்டினாள். எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. படிக்கும் காலத்தில் என்னை உட்காரவைத்துத்தான் அவள் பழகினாள். அந்த அட்டை எனக்குத் தலைகீழ்ப் பாடம். கடைசி வரிசையைப் படிக்கச் சொன்னாள். எறும்பு ஊர்வதுபோல் மங்கலாகத் தெரிந்தது. அதனால் என்ன? எட்டு எழுத்தையும் பிசகில்லாமல் கடகடவென்று ஒப்பித்தேன்.

"அட்டையை மாத்தி மூணு வருஷம் ஆச்சுடி" என்றாள்.

அவள் சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். சிரிக்கவில்லை. பிரேமைக் கழற்றித் துடைத்து வைத்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட்க வந்த மன்னிப்பைக் கேட்கவே இல்லை. இனி ஜென்மத்துக்கும் என்னைச் சேர்க்க மாட்டாள், அவள் பிடிவாதம் எனக்குத் தெரியாதா என்று முடிவு கட்டினேன். அதையும் பார்த்துச் சொல்லவில்லை, ஒப்பித்தேன்.

பிறகு ஒரு கிடங்கில் பார்சல் அனுப்பும் வேலை. மேல்தட்டுப் பெட்டிகளின் எண்ணைக் குத்துமதிப்பாகப் படித்து, ஊர் மாற்றி அனுப்பித் திட்டு வாங்கினேன்.

எட்டு மாதம் கழித்துப் போனில் ஒரு செய்தி வந்தது. மூக்கருகே பிடித்துப் படித்தேன்.

"அட்டையை மறுபடி மாத்திட்டேன். கல்லா காலியாத்தான் இருக்கு. வந்து படி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. சாப்பிடாம வா."