பைக்கைக் கட்டிப்போடும் எசென்

எஞ்சினை அணைத்ததும் எசென் செய்யும் முதல் காரியம் பைக்கைக் கட்டிப்போடுவதுதான். கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே குதிரைகள் நிற்கும் கம்பத்தருகே அந்தப் பழைய சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றை உருவுவார். ஹேண்டில்பாரில் ஒரு சுற்று, கம்பத்தில் ஒரு சுற்று, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி ஒரு முடிச்சு. இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழற்றுவார். பக்கத்தில் நிற்கும் குதிரைகள் பைக்கை ஒருமுறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாரின் என்ற அந்த மலைப்பக்கத்துக் குதிரைகளுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

அவர் வழிகாட்ட, பின்னால் ஆளுக்கொரு பைக்கில் வரும் வெளிநாட்டுக்காரர்கள் முதல்நாள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் போட்டோ எடுப்பார்கள். இந்தக் கோடையில் வந்த ஐந்து பேரில் ஹலினா என்ற போலந்துக்காரப் பல் டாக்டர் மட்டும் நேராகவே கேட்டுவிட்டார். அறுபது வயது, நெடுநெடுவென்ற உயரம், மனதில் பட்டதை மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத சுபாவம்.

"ஏன் எசென், கட்டாம விட்டா இது தானா ஓடிப்போயிடுமா?"

"நீங்க ஓட்டுற லட்சணத்தைப் பார்த்தா, பயந்துபோய் ஓடினாலும் ஓடும்க்கா."

உண்மையான காரணத்தை அவர் லேசில் சொல்லமாட்டார். பதினான்கு வருடத்துக்கு முன் எசென் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு கூடாரத்து வாசலில் குதிரையைக் கட்டாமல் விட்டுவிட்டு, ஒரு நிமிஷம்தானே என்று ரொட்டி பிட்டுத் தின்ன உள்ளே போனார். திடீரென்று ஆலங்கட்டி மழை. குதிரை மிரண்டது. ஓடிவந்து கயிற்றைப் பிடித்தவரை அது கல்லிலும் முள்ளிலும் அரை மைல் இழுத்துக்கொண்டு போனது. இடுப்பு நொறுங்கியது, இடது முழங்கால் அதோடு மடங்குவதை நிறுத்திக்கொண்டது. இன்றைக்கும் நடக்கும்போது அந்தக் காலைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கமாக வீசித்தான் வைப்பார். பைக்கில் ஏறிவிட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. அதனாலோ என்னவோ, வழிகாட்டியாகிவிட்ட இந்த ஒன்பது கோடையாக அவர் பைக்கை விட்டு இறங்குகிற நேரம் குறைவு.

மனிதர் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுவதில்லை. வளைவில் திரும்பும்போது பின்பக்கம் ஒரு பார்வை, அவ்வளவுதான். ஐந்து புழுதி எழுந்தால் ஐந்து பேரும் வருகிறார்கள். நான்குதான் எழுந்தால், "எவனோ படம் பிடிக்க நின்னுட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டு தானும் நிற்பார். ஆறு குறுக்கிட்டால் முதலில் தானே இறங்கி நடந்து பார்ப்பார். ஐஸ் தண்ணீரில் அந்த விறைத்த காலைத்தான் முன்னால் நீட்டுவார். அதற்குக் குளிர் அவ்வளவாகத் தெரியாதாம். நடு ஆற்றில் நின்றுகொண்டு கத்துவார்: "என் முட்டிக்குக் கீழதான் இருக்கு, வாங்க! முட்டிக்கு மேல போச்சுன்னா உங்க சைலன்சர் தண்ணி குடிச்சிரும்!"

எத்தனை அவசரமானாலும் ரொட்டியைத் தாண்டிப் போகமாட்டார். இந்த மலையில் வாசலில் யாராவது ரொட்டியை நீட்டினால் ஒரு விள்ளலாவது வாயில் போட்டுக்கொண்டுதான் நகரவேண்டும், மறுத்துவிட்டுப் போவது மரியாதை இல்லை. மற்ற வழிகாட்டிகள் கூடாரம் இருக்கிற பக்கத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போவார்கள். எசென் கூடாரத்தைத் தேடிப் போவார். நேரமாகிறதே என்று யாராவது கடிகாரத்தைக் காட்டினால், "ரோடு எங்கேயும் போயிடாது" என்பார். அவர் கூட்டிப் போகிற எட்டுநாள் பயணம் ஒன்பதாம் நாள் முடிவது வழக்கம். ஒருத்தரும் இதுவரை புகார் சொன்னதில்லை.

இந்தப் பயணத்தின் ஐந்தாம் நாள் மட்டும் அவர் சரியான நேரத்துக்குப் போயாக வேண்டிய நாள். பேத்தி ஜிபெக் நடக்கத் தொடங்கியிருந்தாள்; அதற்கான சடங்கு அன்றைக்கு. குழந்தையின் இரண்டு கணுக்காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் தளர்வாகக் கட்டி, கம்பளத்தில் நிற்கவைப்பார்கள். தூரத்திலிருந்து சொந்தபந்தமெல்லாம் விழுந்தடித்து ஓடிவரும். முதலில் வந்து சேருகிறவர் கத்தியால் நூலை அறுக்கவேண்டும். அறுக்கிறவருடைய நடைதான் குழந்தைக்கு வரும் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள்.

கணவாய் உச்சியில்தான் போன் எடுக்கும். மகள் பெர்மெத் அங்கே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, பன்னெண்டு மணிக்கு இங்க இருக்கணும். நீ வராம நூல் அறுக்கமாட்டோம்."

"நீ ஆரம்பிச்சுடு தாயி. நான் வந்து என்ன, ஓடவா போறேன்?"

"நீ வா."

"வழியில மூணு ஆறு இருக்கு. இவங்க வேற..."

"அப்பா!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

போனைக் கோட்டுப் பையில் போட்டவர் ஒரு கத்தியை வெளியே எடுத்தார். ஆட்டுக்கொம்புப் பிடி போட்ட சின்னக் கத்தி. பேத்தி பிறந்த நாளிலிருந்து தீட்டித் தீட்டி வைத்திருக்கிறார். அதை ஹலினாவிடம் காட்டும்போது எசெனின் முகம் இளகி இன்னொரு மனிதருடைய முகம் மாதிரி இருந்தது.

"அழகா இருக்கே. நீங்கதான் அறுக்கப்போறீங்களா?"

"ஜெயிக்கிறவங்களுக்குக் குடுக்கத்தான். எனக்கும் ஆசைதான்க்கா, இல்லன்னு எப்படிச் சொல்றது? ஆனா என் கையால அறுத்து, புள்ள என்னை மாதிரி நடந்துட்டா?"

கத்தியைத் திரும்பக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு எசென் வண்டியைக் கிளப்பிவிட்டார். அன்றைக்கு அவர் ஓட்டிய அழகைப் பார்க்கவேண்டும். எருமை மாடு குளத்தை விட்டு வருகிற வேகம். கண்ணில் பட்ட கூடாரத்திலெல்லாம் நின்றார், பைக்கைக் கட்டினார், ரொட்டி தின்றார். மூன்றாவது கூடாரத்தில் ஒரு விள்ளலோடு விடாமல் பாலாடையும் டீயும் கேட்டுச் சம்மணம் போட முடியாத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓட்டம் முடிந்தபிறகு போனால் கத்தியைக் கொடுத்துவிட்டுக் கறி தின்னலாம் என்பது அவர் கணக்கு. அந்த வீட்டுக்காரி கூலாயிம் விடுகிறவள் இல்லை.

"என்ன எசென் அண்ணே, மாப்பிள்ளை விருந்து மாதிரி உட்கார்ந்துட்டீங்க? இன்னிக்கு பேத்திக்கு விசேஷம்னாங்களே?"

"ரோடு எங்கேயும் போயிடாது கூலாயிம்."

"ரோடு போகாது. பேத்தி போயிடுவா. நடக்க ஆரம்பிச்சுட்டாளாமே!"

எசென் கையிலிருந்த டீ பாதியில் நின்றது. முதலில் எழுந்தது ஹலினாதான். வெளியே போய்த் தன் பைக்கில் ஏறி ஹாரனை விடாமல் அடித்தார். எசென் இன்னொரு விள்ளலை வாயில் அடைத்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். அதன்பிறகு எருமை குதிரையாகிவிட்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. பெர்மெத் சொன்னது சொன்னபடி காத்திருந்தாள். சம்பந்தியம்மாள் துர்சுன், கறி குழைகிறது என்று இரண்டு தரம் சத்தம் போட்டும் மசியவில்லை. "எங்கப்பா வண்டிச் சத்தம் கேட்டாதான் ஓட்டம்" என்று ஓடுகிறவர்கள் அத்தனை பேரையும் ஓடைக்கரையில் நிறுத்தி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டம் சொல்லித்தரும் மீரிம்தான் துர்சுனுடைய ஆள். அவள் கையால் அறுத்தால் குழந்தை மான் மாதிரி துள்ளும் என்று துர்சுன் ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேட்டுக்குப் பின்னால் பைக்குகள் உறுமியதும் ஓடைக்கரை கிளம்பியது. பாவாடையைத் தூக்கிச் செருகிய பெண்கள், தொப்பியைக் கையில் பிடித்த மாமன்கள், இரண்டு நாய்கள், எல்லோருக்கும் முன்னால் மீரிம். கம்பளத்துக்குச் சற்றுத் தள்ளி, குதிரைக் கம்பத்தருகே எசென் எஞ்சினை அணைத்தார். கயிற்றை உருவி ஹேண்டில்பாரில் முதல் சுற்றைப் போட்டார்.

கம்பளத்தில் நின்ற ஜிபெக்குக்கு அந்தச் சத்தம் தெரியும். தாத்தா வண்டி. அவள் ஓடிவருகிற கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரடி வைத்தாள், கட்டிய நூல் தடுக்கி விழுந்தாள், அழாமல் கையை ஊன்றித் தவழ்ந்தே கம்பளத்தை விட்டு இறங்கினாள். எசென் குனிந்து பார்ப்பதற்குள் அவருடைய பூட்ஸைப் பிடித்தாகிவிட்டது. மடங்காத கால் என்பதால் பிடித்து எழ வசதியாக இருந்தது. தொடையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, மேலே பார்த்துச் சிரித்தாள்.

மீரிம் கம்பளத்தில் வந்து நின்றாள். "நான்தான் முதல்ல!"

"யாருகிட்ட முதல்ல? கம்பளத்துகிட்டயா?" என்று யாரோ கேட்க, ஓடிவந்த மூச்சு வாங்கலோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. இரண்டு பேர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

துர்சுன் இடுப்பில் கைவைத்தாள். "சம்பந்தி, லேட்டா வந்ததும் இல்லாம பந்தயத்தையே கலைச்சுட்டீங்களே!"

எசென் கத்தியை எடுத்து மீரிமிடம் நீட்டினார். "நீ அறு தாயி. உன் கால் நல்ல கால்."

மீரிம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு துர்சுனைப் பார்த்தாள்.

"அவரே வச்சுக்கட்டும்" என்றாள் துர்சுன். "புள்ள ஆளைப் பார்த்துத்தான் வந்திருக்கு."

"சம்பந்தி, என் நடை..."

"உங்க நடைக்கு என்ன கேடு? அஞ்சு பேரு கடல் தாண்டி வந்து உங்க பின்னாலதான வர்றாங்க? அறுங்க, கறி ஆறுது."

பெர்மெத் வந்து குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். எசென் விறைத்த காலைப் பக்கவாட்டில் நீட்டி, மற்றக் காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். நூலுக்கும் தோலுக்கும் நடுவே தன் விரலை வைத்துக்கொண்டு, ஒரே இழுப்பில் அறுத்தார்.

ஜிபெக் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எந்தக் குழந்தையும் நடக்கிற தள்ளாட்டம்தான், அதற்குமேல் ஒன்றுமில்லை. பைக்கின் டயரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் புல்வெளிப் பக்கம் திரும்பினாள். கூட்டம் கத்திய கத்தலில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. துர்சுன் மிட்டாய்களை வாரி இறைத்தாள்.

கயிற்றின் மறுமுனை கட்டப்படாமல் தரையில் கிடந்தது. ஹலினா அதை எடுத்துக் கம்பத்தருகே கொண்டுபோனார். "நான் கட்டட்டுமா எசென்? முடிச்சு எனக்குத் தெரியும்."

எசென் எழுந்து வந்து கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஹேண்டில்பாரில் இருந்த சுற்றையும் அவிழ்த்து, கயிற்றை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, பேத்திக்குப் பின்னால் நடந்தார்.